"படம் எப்படி?"ன்னு கேட்டா என்ன சொல்றது: நம்மள மாதிரி சாதாரண ஆடியன்ஸுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் ஒரு தப்பு பண்ணேன். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல அத்தை "புதுப்படம் பாத்தியாமே, எப்படிடா இருக்கு"ன்னு கேட்டாங்க, நான் பஸ்ல ஒரு கையால கம்பியைப் புடிச்சுகிட்டே "செம படம் அத்தை, மிஸ் பண்ணாதீங்க"ன்னு தட்டி விட்டுட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை அத்தை, மாமா, ஆறு வயசு பேரன், முட்டி வலியோட மாமாவோட அம்மா எல்லாரும் ஆட்டோ புடிச்சு போயிருக்காங்க. இருபதாவது நிமிஷம் ஒருத்தன் கழுத்தை அறுக்கறான், பேரன் சீட்டுக்கு அடியில போய் உக்காந்துட்டான், பாட்டி கண்ணை மூடி முருகா முருகான்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, இன்டர்வெல்லுக்கு முன்னாடியே மொத்த குடும்பமும் வெளிய வந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. படம் நிஜமாவே நல்ல படம்தாங்க, நான் பொய் சொல்லல. ஆனா அத்தை கேட்டது "நாங்க போலாமா"ங்கற கேள்வி, நான் பதில் சொன்னது "உனக்குப் புடிச்சுதா"ங்கற கேள்விக்கு.

அதுக்கப்புறம்தான் நம்ம கருத்து சொல்ற லட்சணத்தை கொஞ்சம் கவனிக்க ஆரம்பிச்சேன். நான் விமர்சகர்லாம் கிடையாது, மாசம் ரெண்டு படம் தியேட்டர்ல, நாலஞ்சு படம் வீட்ல பாக்கற ஆளு. "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக், பிஜிஎம் வெறித்தனம், ஒன் டைம் வாட்ச்"ங்கற இந்த ஒரே மந்திரத்தை எத்தனை படத்துக்கு சொல்லியிருக்கேன்னு பழைய சாட்டைத் தேடிப் பாத்தா எனக்கே கூச்சமா இருந்துச்சு, படத்தோட பேரை மட்டும் மாத்திட்டா எதுக்கு வேணா பொருந்தும். அதுலருந்து வெளிய வர நான் பண்ணிப் பாத்ததைத்தான் கீழ ஸ்டெப் ஸ்டெப்பா எழுதியிருக்கேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணணும்னு இல்ல.

ஸ்டெப் 1: கேக்கறது யாருன்னு பாருங்க

"படம் எப்படி"ங்கற ரெண்டு வார்த்தைக்கு ஆளைப் பொறுத்து அர்த்தம் மாறும். அத்தை கேட்டா "எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கலாமா, நடுவுல தலையைத் தொங்கப் போட வேண்டி வருமா". ஆஃபீஸ்ல பக்கத்து சீட்டு ஆளு கேட்டா "டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கு ஆகற காசுக்கு வொர்த்தா, இல்ல ஓடிடில வரட்டும்னு விட்டுடலாமா". காலேஜ் படிக்கற தம்பி கேட்டா அவன் முதல் நாள் முதல் ஷோவே பாத்துட்டான்னு அர்த்தம், நீங்க அவன் கட்சியா எதிர்க்கட்சியான்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறான். இன்னொரு வகை, லிஃப்ட்ல நாலாவது மாடி வர்ற வரைக்கும் சும்மா பேச்சுக்கு கேக்கறவங்க, அவங்களுக்கு "நல்லாருக்கு சார்" போதும், அங்க போய் திரைக்கதையப் பத்தி ஆரம்பிச்சு ஒருத்தர் மூணாவது மாடியிலயே இறங்கிப் போனதை நான் பாத்திருக்கேன்.

குடும்பத்துக்கு பதில் சொல்றதுன்னா மொதல்ல சென்சார் சர்டிஃபிகேட்டைக் கவனிங்க. முன்னெல்லாம் யு, யுஏ, ஏ இந்த மூணுதான் நம்ம கண்ணுல படும். 2023-ல சட்டத்தைத் திருத்தி யுஏ-வையே யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+னு மூணா பிரிச்சுட்டாங்க. அந்த வயசுக்குக் கீழ இருக்கற பசங்கள கூட்டிட்டுப் போறது பெத்தவங்க முடிவு, ஆனா ஏ சர்டிஃபிகேட்னா 18 வயசு ஆகாதவங்கள அப்பா அம்மா கூட வந்தாலும் உள்ள விடக் கூடாது. இந்த சர்டிஃபிகேட் படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல கொஞ்ச நேரம் நிக்கும், படம் எத்தனை நிமிஷம்னும் அதுலயே இருக்கும், நாமதான் அந்த நேரத்துல கோக் கப்பை எங்க வைக்கறதுன்னு இருட்டுல தடவிட்டு இருப்போம்.

சர்டிஃபிகேட் மட்டும் சொன்னா பத்தாது. ரத்தமா, பேயா, கெட்ட வார்த்தையா, பாட்டுல ஆபாசமா, இல்ல குழந்தைக்கு ஏதோ ஆகற மாதிரி சீனான்னு ஒரு வார்த்தை சேத்து சொல்லிடுங்க. எங்க அத்தைக்கு ரத்தம் ஆகாது ஆனா பேய்ப்படம்னா உயிரு, அவங்க ஃப்ரெண்டுக்கு நேரெதிர். பிரசவம் ஆகி மூணு மாசமான தங்கச்சிகிட்ட குழந்தை சாகற படத்தை "எமோஷனலா இருக்கும், பாரு"ன்னு சொல்றது நல்லது இல்லீங்க.

ஸ்டெப் 2: நீங்க என்ன மூடுல போனீங்கன்னு குறிச்சுக்கங்க

சின்ன ஸ்டெப்தான். ட்ரெய்லரை பத்து தடவை பாத்துட்டு, விடியக்காலைல எந்திரிச்சு, பாலாபிஷேகம் வரைக்கும் வேடிக்கை பாத்துட்டு உள்ள போனவனுக்கும், மழைக்கு ஒதுங்க மால்ல நுழைஞ்சு எந்தப் படம்னே தெரியாம டிக்கெட் எடுத்தவனுக்கும் அதே படம் வேற மாதிரிதான் தெரியும். அதனால கருத்து சொல்றப்ப அதையும் ஒரு வரி சொல்லிடுங்க, "நான் அவரோட ஃபேன், அதை மனசுல வச்சுக்கிட்டு கேளு"ன்னு சொன்னா யாரும் உங்களை குறைச்சு நினைக்க மாட்டாங்க. டிக்கெட் ஓசில கிடைச்சிருந்தா அதையும் சொல்லிடுங்க, ஓசி டிக்கெட்ல பாத்த படத்தை எனக்கு இதுவரைக்கும் முழுசா திட்ட வந்ததே இல்ல.

ஸ்டெப் 3: உள்ள போனதும் போனை பாக்கெட்ல போடுங்க

ஹீரோ என்ட்ரியை பதினஞ்சு செகண்ட் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறது கருத்து சொல்றதுல சேராது. அதே 2023 திருத்தத்துல, அனுமதி இல்லாம தியேட்டர்ல படத்தை ரெக்கார்ட் பண்றதும் அதைப் பரப்பறதும் குற்றம்னு தெளிவா எழுதிட்டாங்க, தண்டனை 3 மாசத்துலருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஃபைன் குறைஞ்சபட்சமே 3 லட்சம். உங்க ஸ்டேட்டஸை பாக்கற நாப்பது பேருக்காக இதெல்லாம் தேவையா. பின்னாடி சீட்ல இருக்கறவன் கண்ணுல அந்த ஸ்கிரீன் வெளிச்சம் அடிக்கறது தனி பாவம்.

ஸ்டெப் 4: வெளிய வந்ததும் பத்து நிமிஷம் வாயைத் திறக்காதீங்க

இதுதான் கஷ்டமான ஸ்டெப். லைட் போட்டதும் பக்கத்துல இருக்கறவர் "மொக்கை மச்சான்"னு சொல்லிட்டா முடிஞ்சுது, உங்க மூளை உடனே மொக்கையா இருந்த சீனையெல்லாம் வரிசையா எடுத்து அடுக்க ஆரம்பிச்சுடும், அவர் "செம"ன்னு சொல்லியிருந்தா வேற அடுக்கு. பார்க்கிங்ல வண்டியை எடுக்கற வரைக்கும் சும்மா இருங்க. அந்த நேரத்துல ஒரே ஒரு கேள்விதான்: எந்த சீன் தானா ஞாபகத்துக்கு வருது? நல்ல சீனா இருக்கணும்னு இல்ல, எரிச்சலா இருந்ததாவும் இருக்கலாம். அந்த ஒரு சீனைப் புடிச்சுக்கங்க, உங்க கருத்து மொத்தமும் அதுலருந்துதான் வரப் போகுது.

ஒரு உதாரணத்தோட சொல்றேன். 2024 செப்டம்பர்ல 'மெய்யழகன்' வந்துச்சு. அரவிந்த்சாமி பல வருஷம் கழிச்சு தங்கச்சி கல்யாணத்துக்காக சொந்த ஊர்ப் பக்கம் வர்றார், அங்க கார்த்தி "அத்தான் அத்தான்"னு ஒட்டிகிட்டே சுத்தறார், ஆனா அந்த ஆளோட பேரே இவருக்கு ஞாபகம் இல்ல, கேக்கவும் வாய் வரல. நான் என் வீட்டம்மாவோட போயிருந்தேன். வெளிய வந்தப்ப எனக்கு ஞாபகத்துல நின்னது அந்த சைக்கிள் விஷயம், ஊரை விட்டுப் போறப்ப இவங்க விட்டுட்டுப் போன பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்துக்கு எப்படிப் பயன்பட்டுச்சுன்னு கார்த்தி சொல்வாரே, அது. எங்க வீட்லயும் தாத்தா சைக்கிளை ஒருத்தருக்கு சும்மா குடுத்துட்டு வந்திருக்கோம், அது என்ன ஆச்சுன்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்ல, பார்க்கிங்ல நின்னு அதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன். அவங்களுக்கோ, பேர் தெரியாதுங்கற குற்ற உணர்ச்சி தாங்காம அவர் விடியறதுக்கு முன்னாடி சொல்லாம கிளம்பற இடம். "எனக்கு கோவம்தான் வந்துச்சு, பேரைக் கேட்டா என்ன குறைஞ்சுடும்"னாங்க. ஒரே படம், ஒரே ரோ, பக்கத்து பக்கத்து சீட். "நல்லாருக்கு, கொஞ்சம் ஸ்லோ"ன்னு ரெண்டு பேரும் சொல்லியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

அந்த சீனைச் சொல்றப்ப மொதல்ல கண்ணால என்ன பாத்தீங்க காதால என்ன கேட்டீங்கன்னு சொல்லுங்க, உங்க தீர்ப்பு அதுக்கு அப்புறம் வரட்டும். "அவர் பேசறப்ப இவர் மூஞ்சியையே காட்டிட்டு இருந்தாங்க, ரொம்ப நேரம், கட் பண்ணவே இல்ல"ன்னு சொன்னீங்கன்னா கேக்கறவர் தனக்கு அது புடிக்குமா புடிக்காதான்னு அவரே முடிவு பண்ணிப்பார். "டைரக்டர் பின்னிட்டாரு"ன்னு மட்டும் சொன்னா அவருக்கு ஒண்ணும் கிடைக்காது.

ஸ்டெப் 5: படத்தைத் திட்டறீங்களா, தியேட்டரைத் திட்டறீங்களா?

ஒரு படம் "முழுக்க ஒரே இருட்டு, கேமராமேன் தூங்கிட்டாரு"ன்னு நான் ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன், ஆறு மாசம் கழிச்சு வீட்டு டிவியில பாத்தா அவ்ளோ தெளிவா, விளக்கு வெளிச்சத்துல எடுத்த அந்த சீன்லாம் அவ்ளோ அழகா இருக்கு. அன்னிக்கு நான் பாத்த தியேட்டர்ல ப்ரொஜெக்டர் பல்பு பழசு, அவ்ளோதான் விஷயம். 3டின்னா கண்ணாடியே பாதி வெளிச்சத்தை முழுங்கிடும். வசனம் புரியல, சத்தம் ஒரு பக்கமா வருது, ஏசி வேலை செய்யல, பின்னாடி ஒரு குழந்தை ரெண்டரை மணி நேரமா அழுதுச்சு, இதெல்லாம் படத்தோட கணக்குல சேரக் கூடாது, தனியா "நான் பாத்த ஸ்கிரீன்ல இப்படி"ன்னு சொல்லிடுங்க. சந்தேகமா இருந்தா வேற தியேட்டர்ல பாத்த ஒருத்தரைக் கேளுங்க.

அதுக்காக சத்தம்னாலே எப்பவும் தியேட்டர் தப்புன்னும் இல்ல. 2024 நவம்பர்ல 'கங்குவா' வந்தப்ப சத்தம் தாங்கலன்னு எல்லா ஊர்லருந்தும் ஒரே குரலா சொன்னாங்க, கடைசில தயாரிப்பாளரே தியேட்டர்காரங்ககிட்ட வால்யூமை ரெண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லிட்டதா சொன்னார், ஆஸ்கர் வாங்கின சவுண்ட் டிசைனர் ரசூல் பூக்குட்டியும் இந்த சத்தப் போட்டியைப் பத்தி வருத்தப்பட்டு எழுதினார். இதுல கவனிக்க வேண்டியது, "காது வலிக்குது"ன்னு சாதாரண ஆளுங்க சொன்னது போய்ச் சேர்ந்துச்சு. ஏன்னா அது "மொக்கை" மாதிரி மொட்டையா இல்லாம எங்க வலிக்குதுன்னு சொன்ன கருத்து.

ஸ்டெப் 6: "லேக்"ங்கற வார்த்தைக்கு ஒரு மாசம் லீவு குடுங்க

டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொன்னா அவர் என்ன பண்ணுவார். லேக்னு சொல்றதும் அதே கதைதான். போரடிச்சது உண்மை, எதனால போரடிச்சதுன்னு தோண்டிப் பாத்தா பெரும்பாலும் கீழ சொல்றதுல ஏதாவது ஒண்ணா இருக்கும்.

நமக்கு ஏற்கனவே புரிஞ்ச விஷயத்தை திரும்பத் திரும்பச் சொல்றாங்க, வில்லன் கெட்டவன்னு மூணாவது சீன்லயே தெரிஞ்சுடுச்சு, அப்புறமும் அவன் நாலு பேரை அடிச்சு நிரூபிச்சுட்டே இருக்கான். இல்லன்னா, இன்டர்வெல்ல ஒரு பெரிய கேள்வியப் போட்டுட்டு, நாம பப்ஸைக் கையில வச்சுகிட்டு ஓடி வந்து உக்காந்தா, அதுக்கு பதில் சொல்லாம முக்கால் மணி நேரம் ஃப்ளாஷ்பேக் போடறாங்க, ஃப்ளாஷ்பேக் நல்லாவே இருந்தாலும் நம்ம மனசு அந்தக் கேள்வியிலேயே தொங்கிட்டு இருக்கும், இது நம்ம ஊர் இன்டர்வெல் படங்களுக்கே உரிய வியாதி. இல்லன்னா ஹீரோ ஜெயிச்சுடுவான்னு தெரிஞ்சு போச்சு, எப்படி ஜெயிப்பான்னு யோசிக்கவும் ஒண்ணும் இல்ல. இல்லன்னா பாட்டு, கதை சூடு புடிக்கற நேரத்துல வெளிநாட்டு பனிமலைல ஒரு டூயட். கடைசியா ஒரு காரணம் இருக்கு, யாரும் ஒத்துக்க மாட்டோம்: நைட் ஷோ, அன்னிக்கு வேலையில செம டென்ஷன், நமக்குத் தூக்கம்.

இதுல எதுன்னு சொன்னாலே கருத்து பத்து மடங்கு உருப்படியாயிடும். 'மெய்யழகன்' விஷயத்தையே எடுத்துக்கங்க, மொதல்ல வந்தப்ப படம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ரொம்ப நீளம்னு பேச்சு வந்ததும் ரிலீஸாகி சில நாள்லயே 18 நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க. அதுக்கு ஒரு கூட்டம் சந்தோஷப்பட்டுச்சு, இன்னொரு கூட்டம் "அந்த சாவகாசம்தானே படமே"ன்னு வருத்தப்பட்டுச்சு. நான் ரெண்டாவது கூட்டம். ராத்திரி பூரா உக்காந்து பேசற ஒரு படத்துல வேகத்தைத் தேடினா அது திண்ணையில உக்காந்துகிட்டு பஸ் ஏன் கிளம்பலன்னு கேக்கற மாதிரி. ஆனா என் வீட்டம்மா மொதல் கூட்டம், "திண்ணைன்னாலும் ஒரு நேரத்துக்கு எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும்ல"ங்கறாங்க, அதுக்கு எங்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

ஸ்டெப் 7: எது யாரோட வேலைன்னு கொஞ்சமாவது தெரிஞ்சுக்கங்க

பாடம் படிக்கச் சொல்லல. ஆனா அடிக்கடி நாம ஆளை மாத்தித் திட்டறோம், ஆளை மாத்திப் பாராட்டறோம். "கேமரா சூப்பர்"னு சொல்றதுல பாதி நேரம் நமக்குப் புடிச்சது லொகேஷன், இல்லன்னா அந்த வீட்டையும் சுவத்தையும் தேடிப் புடிச்சு வச்ச ஆர்ட் டைரக்டர் வேலை. வாயசைவும் வசனமும் ஒட்டலன்னா அது டப்பிங் சிக்கல், நடிப்பு மேல பழி போடாதீங்க. மியூசிக் ஓவர் சத்தம்னா அதை எவ்ளோ ஏத்தணும்னு முடிவாகறது மிக்ஸிங்ல, இசையமைப்பாளர் ஒருத்தர் மட்டும் பொறுப்பில்ல. எடிட்டிங் மேல நாம போடற பழி இருக்கே அதுதான் பெரிய அநியாயம், "எடிட்டர் கத்திரியப் போட்டிருக்கலாம்"னு ஈஸியா சொல்லிடறோம், ஸ்கிரிப்ட்லயே இல்லாத விறுவிறுப்பை அவர் எங்கருந்து கொண்டு வருவார்.

தெரியலன்னா பேரையே இழுக்காதீங்க. "அந்த சண்டையில யார் யாரை அடிக்கறாங்கன்னே எனக்குப் புரியல"ன்னு சொல்லுங்க, அது போதும், அதுல தப்பே வராது.

நடிகர், நடிகையோட உடம்பு, நிறம், வயசு, அவங்க வீட்டு விவகாரம், இதெல்லாம் படத்தோட கருத்துல வராது, வந்தா நீங்க படத்தைப் பத்தி பேசல.

ஸ்டெப் 8: ஸ்பாய்லர் எங்க ஆரம்பிக்குது?

சிலர் ஹீரோ பேரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கறாங்க, சிலர் கிளைமாக்ஸைச் சொல்லிட்டு "இதெல்லாம் ட்ரெய்லர்லயே இருக்கே"ங்கறாங்க. எனக்கு இதுக்கு அளவுகோல் ஒரு பழைய படம். எஸ்.பாலச்சந்தர் எடுத்த 'அந்த நாள்', 1954, பாட்டே இல்லாம வந்த முதல் தமிழ்ப்படம். அதுல படம் ஆரம்பிச்ச உடனே சிவாஜி சுட்டுக் கொல்லப்படறார். இதைச் சொன்னதுல உங்களுக்கு ஒண்ணும் குறையல, ஏன்னா கதை அங்கருந்துதான் ஆரம்பிக்குது, உங்களுக்கு இன்னும் ஆர்வம்தான் கூடும். சுட்டது யாருன்னு நான் சொன்னா அது கொலை. படம் வந்து 70 வருஷம் தாண்டிடுச்சு, ஆனா அதை முதல் தடவை பாக்கறவருக்கு அது இன்னிக்குத்தான் ரிலீஸ்.

அதனால படம் தானாவே முதல் இருபது முப்பது நிமிஷத்துல என்ன சொல்லுதோ அது வரைக்கும் தாராளமா சொல்லுங்க, அதுக்கு மேல வாயை மூடுங்க. "கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு, நான் சொல்ல மாட்டேன்"னு சொல்றதும் ஸ்பாய்லர்தான், அதைக் கேட்டவன் படம் பூரா ட்விஸ்ட் எங்க எங்கன்னு தேடிட்டே இருப்பான், கிளைமாக்ஸுக்கு முன்னாடி கண்டும் புடிச்சுடுவான். கண்டிப்பா பேசியே ஆகணும்னா பாத்தவங்களை மட்டும் தனியா கூப்பிட்டு டீக்கடைல பேசுங்க. எங்க மச்சான் ஒருத்தர் இருக்கார், குரூப்ல ஏழு நிமிஷ வாய்ஸ் நோட் போடுவார், அதுல எந்த நிமிஷத்துல குண்டு வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது, இப்பல்லாம் அவர் வாய்ஸ் நோட்டை படம் பாத்துட்டு வந்துதான் எல்லாரும் கேக்கறாங்க.

ஸ்டெப் 9: மார்க் போடலாம், ஆனா அது எதுக்கான மார்க்னு தெரியணும்

நம்ம ஊர்ல படத்துக்கு மார்க் போடற பழக்கத்தை வீடு வீடா கொண்டு போனது ஆனந்த விகடன்தான். '16 வயதினிலே' படத்துக்கு அவங்க போட்டது 62.5, அதை இன்னிக்கும் பெருமையா சொல்றாங்க. நூத்துக்கு 62.5 வாங்கினா நம்ம வீட்ல பெல்ட்டை எடுப்பாங்க, அங்க அது கிரீடம். மார்க் போடறவர் எவ்ளோ கறார்னு தெரிஞ்சாத்தான் அந்த நம்பருக்கு உயிரு. எல்லாப் படத்துக்கும் நாலரை ஸ்டார் போடற நண்பனோட நாலரைக்கு மதிப்பு எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கங்க.

இன்டர்நெட்ல வர்ற நம்பர்லயும் இதே குழப்பம் இருக்கு. விமர்சனங்களை சேத்துக் கணக்கு போடற ராட்டன் டொமேட்டோஸ் சைட்ல 90 சதவீதம்னா படம் நூத்துக்கு தொண்ணூறு மார்க் வாங்கிடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, நூறு விமர்சனத்துல தொண்ணூறு பேர் தேறும்னு சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம். நூறு பேரும் "பரவால்ல"ன்னு சொன்னாலும் அங்க நூறு சதவீதம் வந்துடும், பாதிப் பேர் உயிரைக் குடுத்து கொண்டாடி பாதிப் பேர் காறித் துப்பின படத்துக்கு ஐம்பதுதான் வரும். எனக்கு அந்த ஐம்பதுதான் பாக்கணும்போல இருக்கும். ஐஎம்டிபில பத்துக்கு மார்க், ஆனா வந்த ஓட்டை எல்லாம் கூட்டி வகுக்கற நேர் சராசரி கிடையாது, எந்த ஓட்டுக்கு எவ்ளோ மதிப்புன்னு அவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. படம் பாத்தவங்க மார்க் போடற இன்னொரு சைட்டான லெட்டர்பாக்ஸ்ட்ல அஞ்சு ஸ்டார், அரை அரையா போடலாம்.

நான் மார்க்கை விட்டுட்டேன். அதுக்கு பதிலா மூணு பொட்டிதான் வச்சிருக்கேன்: காசு குடுத்து திரும்பப் பாப்பேன், டிவியில ஓடினா மாத்த மாட்டேன், மாத்திடுவேன். நீங்களும் உங்களுக்குன்னு ஒண்ணு வச்சுக்கங்க.

ஸ்டெப் 10: இப்ப எழுதுங்க

நாலஞ்சு வரி போதும். யாரா போனேன், எந்த சீன் நின்னுச்சு, எங்க நெளிஞ்சேன், யாருக்கு செட் ஆகும் யாருக்கு ஆகாது. இதை இந்த வரிசையிலதான் சொல்லணும்னு இல்ல. என் பழைய மெசேஜ் இப்படி இருந்திருக்கும்: "மெய்யழகன் பாத்தேன். ஃபீல் குட். கார்த்தி சூப்பர். செகண்ட் ஹாஃப் லேக். ஒன் டைம் வாட்ச்." இது அஞ்சு வரி, உள்ள ஒண்ணுமே இல்ல.

இப்ப எழுதறதுன்னா இப்படி எழுதுவேன்: "ஊரை விட்டு வந்து வருஷக்கணக்கா திரும்பிப் போகாதவங்களுக்கு இந்தப் படம் கொஞ்சம் குத்தும். சண்டை கிண்டை எதுவும் எதிர்பாக்காதீங்க, ரெண்டு பேர் ராத்திரி பூரா பேசறாங்க, சில இடத்துல பேச்சு படத்தை விட்டு வெளிய போயிடுது, அங்க நான் வாட்ச்சைப் பாத்தேன். ஆனா ஒரு சைக்கிள் கதை வருது, அதுக்கப்புறம் எங்க தாத்தா சைக்கிள் எங்க இருக்குன்னு அப்பாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். அத்தை, தாராளமா பாட்டியைக் கூட்டிட்டுப் போலாம், ரத்தம் இல்ல. தம்பி, உனக்கு தூக்கம் வரும்." இதைப் படிக்க அரை நிமிஷம்தான் ஆகும், ஆனா அத்தைக்கு அவங்க பதில் இருக்கு, தம்பிக்கு அவன் பதில் இருக்கு, தியேட்டர்ல நான் எப்படி உக்காந்திருந்தேன்னும் தெரியுது.

வார்த்தை வரலன்னா பேசற மாதிரியே எழுதுங்க. எடுத்தவுடனே "இயக்குநர் அவர்கள் இப்படைப்பின் வாயிலாக"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டாவது வரியிலயே எல்லாரும் ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுவாங்க.

ஸ்டெப் 11: சண்டை வரும், வந்தா

கண்டிப்பா வரும். மொதல்ல தெரிஞ்சுக்கங்க, புடிக்கலன்னு சொல்றதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. 2024 கடைசியில தயாரிப்பாளர்கள் சங்கம் ஒண்ணு, படம் வந்து முதல் மூணு நாள் ஆன்லைன் விமர்சனத்துக்குத் தடை போடணும்னு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு, விமர்சனம்ங்கறது கருத்து சுதந்திரம்னு சொல்லி தடை விதிக்க கோர்ட் மறுத்துடுச்சு. ஆனா பாக்காத படத்தை பாத்த மாதிரி திட்டறதும், ஆளைப் பத்தி அவதூறு பரப்பறதும் அந்த சுதந்திரத்துல சேராது.

ஃபேன் சண்டையில மாட்டினா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், "சரி, உங்களுக்கு எந்த சீன் புடிச்சுது?" சும்மா வம்புக்கு வந்தவன் கலெக்‌ஷன் நம்பரைப் போடுவான், நிஜமா படம் புடிச்சவன் சீனைச் சொல்லுவான், அவனோட ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசலாம்.

இன்னொரு இடத்துலயும் நாம வழுக்கறோம். படம் சொல்ற கருத்து புடிக்கலங்கறது வேற, படத்தை ஒழுங்கா எடுக்கலங்கறது வேற. நம்ம அரசியலுக்கு ஒத்து வர்ற படம்னா தொங்கற திரைக்கதையையும் "நேர்மையான முயற்சி"ன்னு தாங்கிப் புடிக்கறோம், ஒத்து வரலன்னா நல்லா எடுத்ததையும் "ப்ரொப்பகண்டா, வேஸ்ட்"னு ஒரே வார்த்தைல தள்ளிடறோம். ரெண்டையும் தனித்தனியா சொல்லிப் பாருங்க: "நல்லா எடுத்திருக்கான், அதனாலதான் எனக்குக் கோவம் ஜாஸ்தியா வருது." இப்படி சொன்னா எதிர்ல இருக்கறவரும் கொஞ்சம் காது குடுப்பார்.

ஸ்டெப் 12: பழைய கருத்தைத் தூசி தட்டுங்க

வருஷத்துக்கு ஒரு தடவை, முன்னாடி திட்டின ஒரு படத்தைத் திரும்பப் பாருங்க. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தப்ப தியேட்டர்ல ஓடல, அப்புறம் டிவியில போடப் போட ஜனங்க மனசுல ஏறிச்சு, இன்னிக்கு அதைக் கொண்டாடாத ஆளே கம்மி. அன்னிக்கு தியேட்டர் பக்கமே போகாதவங்கதான் இன்னிக்கு "அப்பவே ஓடியிருக்க வேண்டிய படம்"னு பேசறாங்க, எங்க மாமா உட்பட.

நான் மட்டும் என்ன யோக்கியமா. 2011-ல 'ஆரண்ய காண்டம்' பாத்துட்டு ஒரு நண்பனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன்: "ஒண்ணும் புரியல, ரொம்ப ஸ்லோ, எடிட்டிங் வேஸ்ட், போயிடாத." அவனும் என்னை நம்பி போகாம விட்டுட்டான். அப்புறம் அந்தப் படம் தேசிய விருது ரெண்டு வாங்குச்சு, முதல் பட இயக்குநருக்கு ஒண்ணு, இன்னொண்ணு, ஆமாங்க, எடிட்டிங்குக்கு. அவன் அந்தப் பழைய போனை இன்னும் சார்ஜ் போட்டு வச்சிருக்கான், வருஷா வருஷம் என் பொறந்த நாளைக்கு அந்த மெசேஜை போட்டோ எடுத்து அனுப்பறான், வாழ்த்துன்னு ஒரு வார்த்தைகூட சேக்க மாட்டான்.